பம்பில் பழுதில்லை

தம்பிக்கு,

நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. படகைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எஞ்சினைச் சரிசெய்தாயிற்று. அதைக் குளிரவைக்கும் தண்ணீர் பம்பையும் இன்று புதிதாக மாட்டினோம். புது பம்பும் சொட்டுத் தண்ணீர் இழுக்கவில்லை. மெக்கானிக் கடல்நீர் வரும் குழாய்க்குள் கம்பியை விட்டுக் குடைந்தார். சுருட்டிய துணி ஒன்று வெளியே வந்தது.

"யாருங்க இதை அடைச்சது?" என்றார்.

"தெரியலையே" என்றேன்.

வாஷர் மாற்றப் பழைய பம்பைக் கழற்றிய அன்று, படகுக்குள் தண்ணீர் வராமலிருக்க நான்தான் அடைத்தேன். எடுக்க மறந்து பம்பை மாட்டிவிட்டேன். மறுநாள் கடலில் நீ, "தண்ணி வரலண்ணே, நிறுத்திப் பாப்போம்" என்றாய். "கிழட்டு பம்பு, மெதுவாத்தான் இழுக்கும், ஓட்டுடா" என்றேன். எஞ்சின் வெந்துபோனது. கரைக்கு வந்ததும், எஞ்சினைக் கவனிக்காமல் நீ தூங்கிவிட்டாய் என்று சொல்லி அத்தனை பேர் முன்னால் உன்னைக் கைநீட்டி அடித்தேன். அப்போதும் நீ என்னைக் காட்டிக்கொடுக்காமல் ஊரைவிட்டுப் போனாய்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். பழைய பம்பும் உன்னைப் போலத்தான், ஒரு குற்றமும் செய்யாமல் காயலான் கடைக்குப் போய்விட்டது.

இப்போது தண்ணீர் நன்றாக வருகிறது. மெக்கானிக்கிடம் உண்மையைச் சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை.

துணியைத் துவைத்து இத்துடன் வைத்திருக்கிறேன். என் மகளுக்கு நீ வாங்கிக்கொடுத்த முதல் கவுன் அது. மஞ்சள் பூ இன்னும் தெரிகிறது. வரும்போது எடுத்து வா. அதே கரையில், அதே ஆட்கள் முன்னால், உண்மையைச் சொல்லி என் கையில் கொடு.

அடித்த கையால் எழுதும்,
அண்ணன்