அம்மாசியின் மேளம்

பெங்களூரு

அன்புள்ள அமிர்தத்திற்கு,

உன் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். நான் நலம், கையில் சிறு கட்டு மட்டும்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் வெள்ளிமலையில் எங்கள் இசைக்குழு பதிவுசெய்த, கனவுமயக்கம் போன்ற சைக்கடெலிக் ராக் பாட்டுக்கு அவ்வூர் மேளக்காரர் அம்மாசி தம் தந்தையின் மேளத்தை வாசித்து, பின்பு அதை எங்களிடமே ஒப்படைத்தார். மேடைதோறும் அதுவே ஒலித்தது. நேற்று பாட்டின் முடிவில், வழக்கமாகக் கிதாரை உடைக்கும் எங்கள் இளம் பாடகன் தீனதயாளன் அந்த மேளத்தை மிதித்து நொறுக்கினான்.

"இன்னா சார், ஜனங்க கத்திக்கினு கீறாங்க, வேற வாங்கிக்கலாம்" என்று சிரித்தான்.

அவன் கிதாராலேயே அவன் மணிக்கட்டை அடித்தேன். எலும்பு முறிந்த ஓசை ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது. கூட்டம் கைதட்டியது.

காவல் நிலையத்தில் மரியாதையாகவே நடத்துகிறார்கள். என் மூக்குக்கண்ணாடியையும் ரத்த அழுத்த மாத்திரையையும் அனுப்பு. அலமாரியிலுள்ள முதல் பதிவின் கேசட்டை நீயே வெள்ளிமலைக்குக் கொண்டுபோய் அம்மாசியிடம் கொடு. அவர் மேளம் இனி அதில் மட்டுமே இருக்கிறது.

பேனாவைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

கண்ணாயிரம்