எதிர்த் தரப்பின் ஜெபம்

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதங்கள் ‘கர்த்தருக்குள் பிரியமான’ என்று தொடங்கும். என்னுடையவை ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கும். இன்று இரண்டுமே எழுத வரவில்லை. உங்கள் தங்கை இல்லாத வீட்டில் உட்கார்ந்து நலம் என்று எழுத எனக்குக் கை கூசுகிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் வர முடியாமல் போனாலும் அடக்கம் குறையில்லாமல் நடந்தது. உங்கள் சபையாரே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார்கள். மழையில் வாசல் சேறாகிவிட்டது என்று மூப்பர் தானே பலகை தூக்கிவந்து போட்டார். பாட்டுப் பாடியபோது நான் வாயைத் திறக்கவில்லை. அதை யாரும் பெரிதுபடுத்தவும் இல்லை. எங்கள் பகுத்தறிவுச் சங்கத்தார் தேவாலயக் கேட்டுக்கு வெளியே குடையும் கையுமாக நின்றார்கள், உள்ளே கால் வைத்தால் கட்சி மாறியதாகிவிடுமோ என்ற பயத்தில். செயலாளர் மட்டும் என்னைத் தனியே இழுத்து, “கடைசியில அவங்ககிட்டயே விட்டுட்டீங்களே தோழர்” என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. அவள் இருந்ததும் அவள் கட்சியில், போனதும் அவள் கட்சியில், எங்கேயாவது விட்டுவிட்டு வர அவள் என்ன என் குடையா என்று கேட்டுவிட்டேன். மனிதர் அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. பாவம், நல்லவர்தான். வந்தால் சமாதானம் சொல்ல வேண்டும்.

மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறந்துவிட்டேன். கை அதுபாட்டுக்குப் பழக்கத்தில் வேலை செய்கிறது. வருகிறவர்களை உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டித் தெரிகிறதா என்று கேட்கிறேன். சிலர் தெரியாததையும் தெரிகிறது என்பார்கள். விசுவாசம் என்பது இதுதான் மச்சான் என்று முன்பெல்லாம் உங்களைச் சீண்டுவேன். இப்போது பேசாமல் அடுத்த லென்ஸை எடுத்து மாற்றுகிறேன். சாப்பாடு பக்கத்து வீட்டு டீச்சர் கொடுத்தனுப்புகிறார். பாதி மீந்துபோகிறது.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கடைசி நேரத்தில் அவளோடு யாராவது ஜெபித்தார்களா என்று போனில் கேட்டீர்கள். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். யார் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. நான்தான் மச்சான்.

போதகர் நாள் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தார். அன்று பாலத்தின் மேல் தண்ணீர் போகிறது, வர முடியாது என்று தகவல் அனுப்பிவிட்டார். மத்தியானம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையிலேயே விளங்கிவிட்டது. அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். என் விரலைப் பிடித்துக்கொண்டு, “நீங்களே ஒரு ஜெபம் பண்ணுங்க” என்றாள். எனக்கு எங்கே ஜெபம் தெரியும் என்றேன். “அண்ணன் பேசுறதெல்லாம் உங்களுக்கு மனப்பாடமாச்சே. அண்ணன் மாதிரி பண்ணுங்க” என்றாள்.

அவள் போட்ட விதியால் வந்த மனப்பாடம்தானே அது. வாசகசாலையில் நாம் கத்திக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். கடவுள் உண்டு என்று நீங்கள், இல்லை என்று நான், நடுவில் டம்ளரும் ஸ்பூனுமாக நடுவர் நாற்காலியில் அவள். ஒருவர் சொல்வதை மற்றவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை என்று சலித்துப்போய்த்தான் அந்த விதியைக் கொண்டுவந்தாள். முதலில் எதிராளியின் வாதத்தை, அவரே தலையாட்டும்படி முழுதாகச் சொல்ல வேண்டும். முடித்ததும், ‘இது எதிர்த் தரப்பின் வாதம், என்னுடையது அல்ல’ என்று அறிவிக்க வேண்டும். அப்புறம்தான் சொந்தக் கட்சி. அறிவிக்க மறந்தால் டம்ளரில் ஓங்கித் தட்டுவாள். தன் அண்ணன், தன் புருஷன் என்றெல்லாம் பார்த்ததில்லை. உங்கள் ஆண்டவருக்காக நான் உங்களைவிட நன்றாக வாதாடுகிறேன் என்று நீங்களே ஒரு தடவை பொருமினீர்கள்.

ஆக, அவள் கையைப் பிடித்துக்கொண்டு தொடங்கினேன். உங்கள் குரலில்தான் வந்தது. நீங்கள் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, நீங்கள் இழுக்கிற இடத்தில் இழுத்துச் சொன்னேன். ஆண்டவரே, வலியில் கிடக்கிற உம்முடைய பிள்ளையை விட்டுவிடாதிரும், அவள் பயப்படாதபடி பக்கத்திலேயே இரும் என்றேன். நான் நடிக்கவில்லை மச்சான். ஒவ்வொரு சொல்லையும் மனதாரத்தான் கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியாது. அவள் முகம் தெளிந்து வந்தது. அவ்வளவு வலியிலும் நெற்றிச் சுருக்கம் தளர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

ஆமென் சொல்ல வேண்டிய இடம் வந்தது. என் பாழாய்ப்போன வாய், பழக்கதோஷத்தில், “இது எதிர்த் தரப்பின் வாதம், என்னுடையது அல்ல” என்று சொல்லிவிட்டது.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உதடு லேசாக விரிந்தது. கண்ணோரத்தில் நீர் இறங்கியது. என் கோமாளித்தனத்தைப் பார்த்துச் சிரித்தாள் என்று சில நேரம் நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைக்க முடியாத நேரம்தான் அதிகம். பதறிப்போய் ஆமென், ஆமென் என்றேன். அதற்குள் அவள் கண்ணை மூடிவிட்டாள். காதில் விழுந்ததா தெரியாது. பிறகு அவள் பேசவில்லை. பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

நான் நம்பாதவன் என்று தெரிந்துதான் அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். ஒரு நாளும் என்னைக் கோயிலுக்கு வா என்று நச்சரித்ததில்லை. வாழ்நாளில் அவள் என்னிடம் கேட்டது அந்த ஒரு ஜெபம்தான். அதையும் கொடுத்துவிட்டு, கையோடு பிடுங்கிக்கொண்டேன். அவளைத் துணையில்லாமல் அனுப்பிவிட்டேனோ என்று அழுகை வந்துவிடுகிறது. கடைப் பையன்கள் எதிரில் அழக்கூடாது என்று பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

நீங்கள் என்னைத் திட்டலாம். உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. அங்கே குளிர் கடுமை என்றீர்கள், நெஞ்சுச் சளியை அலட்சியம் செய்யாதீர்கள். விடுப்பு கிடைத்ததும் புறப்பட்டு வாருங்கள். வாசகசாலை வேண்டாம், கூட்டம் வேண்டாம். வீட்டில் நாம் இருவரும் உட்காருவோம். ஆண்டவர் உண்டு, அவள் அவரிடம் பத்திரமாக இருக்கிறாள், நான் கெடுத்த ஜெபம்கூட அவர் காதில் விழுந்தது என்று உங்கள் கட்சியை எடுத்துச் சொல்லுங்கள். என் கேள்விகள் ஒன்றுகூடக் குறையாமல் என்னிடம் அப்படியே இருக்கின்றன. துக்கத்தில் இளகிவிட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் மனசுக்காகப் பொய்யாகத் தலையாட்டவும் மாட்டேன், அவளுக்கு அது பிடிக்காது. அதனால் நன்றாகத் தயார் செய்துகொண்டு வாருங்கள் மச்சான். இந்த ஒரு முறை எப்படியாவது என்னைத் தோற்கடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்