செத்துப்போன அம்மாசி

மெர்கோங், அலோர்ஸ்டார்
2603, மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். நீயும் மாமாவும் குட்டி பாப்பம்மாவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும். லாரிக்கார குழந்தைவேலு அண்ணன் கையில் ஒரு சிறு மூட்டை அரிசி கொடுத்திருக்கிறேன். யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்.

போன வாரம் பாசாரில் நடந்ததற்கு நீ கோபமாயிருப்பாய். நானும் கோபமாகத்தான் இருக்கிறேன். சனம் போகிற ரோட்டில், நடுச் சடக்கில் நின்று "டேய் அம்மாசி! அம்மாசி!" என்று தொண்டை கிழியக் கத்தினாயே, என் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று பார்த்தாயா? எங்கள் அரிசி ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே இருக்கிற பெரிய கிராணி, சின்னத்துரை. எனக்குக் காது கேட்டது அக்கா. கேட்டும்தான் திரும்பாமல் போனேன்.

ஜப்பான்காரன் ஆபீஸுக்கு ஆள் எடுத்தபோது நானே எழுதிக்கொடுத்த பேர் மனோகரன். ஆபீஸில், கார்டில், குடியிருக்கும் வீட்டில், எல்லா இடத்திலும் அதுதான். அமாவாசையில் பிறந்தது என் குற்றமா? வாழ்நாள் முழுக்க அந்த இருட்டைச் சுமக்கச் சொல்கிறாயா? இனிமேல் கடிதத்திலும் மனோகரன் என்றே எழுது. தயவுசெய்து.

உன் தம்பி,
மனோகரன்

—

கரங்கான் பக்கம், மூன்றாம் லயம்
சுபானு வருஷம், வைகாசி 3

தம்பி அம்மாசிக்கு,

இந்தப் பேரைத்தான் எழுதுவேன். பிடிக்காவிட்டால் மடித்து அடுப்பில் போடு. வருஷத்தைக்கூட ஜப்பான்காரன் கணக்கில் 2603 என்று மாற்றிக்கொண்டாய். எனக்கு இது சுபானு வருஷம்தான்.

அரிசி வந்தது. நல்லாயிரு. நாங்கள் இரண்டு மாதமாக மரவள்ளிக்கிழங்குதான் தின்கிறோம். பாப்பம்மா அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்துச் சிரிக்கிறாள். நல்ல நாளுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

நீ கேட்டும் திரும்பாமல் போனாய் என்று எனக்கு அப்போதே தெரியும். உன் கழுத்து விறைத்ததைப் பார்த்தேனே. லாரியில் வீடு வரும்வரை அழுதுகொண்டு வந்தேன். உனக்கு முன்னால் இரண்டு ஆண் பிள்ளை பிறந்தது. ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரிப் பேர் வைத்தார்கள். இரண்டும் வருஷம் திரும்பவில்லை. நீ அமாவாசையில் பிறந்தாய், தங்காது என்று லயத்து வரிசை வீடெல்லாம் சொன்னது. அம்மா அந்த நாளின் பேரையே உனக்கு வைத்துவிட்டாள். இருட்டுக்கே கொடுத்த பிள்ளையை இருட்டு எடுக்காது என்றாள். நீ தங்கினாய். அந்தப் பேர் உனக்கு அசிங்கமாக இருக்கிறது.

இன்னொரு சேதி. சயாமில் ரயில் பாதை போடத் தோட்டத்துக்குத் தோட்டம் ஆள் பிடிக்கிறார்கள். போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. நேற்று விடியற்காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது தோட்டத்துக் கிராணி பேர் கூப்பிட்டார். உன் பேர் இன்னும் தோட்டத்துப் பேர்ப் புத்தகத்தில்தான் இருக்கிறது. "அம்மாசி எங்கே?" என்று கேட்டார். உன்னைக் கொண்டுவந்து நிறுத்தப் பத்து நாள் தவணை கொடுத்திருக்கிறார். என்ன செய்யட்டும்? உடனே எழுது.

உன் அக்கா,
ராக்காயி

—

மெர்கோங்
2603, மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்ததும் அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

நான் இங்கே இருப்பதை யாரிடமும் சொல்லாதே. இங்கே யாருக்கும் அம்மாசியைத் தெரியாது. அங்கே யாருக்கும் மனோகரனைத் தெரியாது. தப்பிக்க அது ஒன்றுதான் வழி. கிராணியிடம் போய் அம்மாசி போன இடத்தில் காய்ச்சலில் செத்துவிட்டான் என்று சொல். பேரில் சிவப்புக் கோடு போட்டுவிடுவார்கள். அதோடு தீர்ந்தது.

வெறும் பேர்தானே அக்கா. பேர் சாகட்டும், நான் பிழைத்துக்கொள்கிறேன். உன் காலில் விழுந்து கேட்கிறேன். கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

மனோகரன்

—

கரங்கான் பக்கம், மூன்றாம் லயம்
சுபானு வருஷம், வைகாசி 30

மனோகரன் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன்.

ஆபீஸ் வாசலில் நின்று "என் தம்பி அம்மாசி செத்துட்டான் ஐயா" என்றேன். இந்த வாயால் சொன்னேன். கிராணி நம்பவில்லை. "செத்தான்னா கருமாதி எங்கலா? ஒப்பாரி கேக்கலையே" என்றார். ஆகவே அதையும் செய்தேன். லயத்தார் எல்லாரும் வந்தார்கள். பொய்யாக அழத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பேரைச் சொல்லி மாரில் ஒரு அடி அடித்ததும் அழுகை நிஜமாகவே வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. பதினாறாம் நாள் இலை போட்டோம். நல்ல நாளுக்கு என்று வைத்திருந்தேனே, நீங்கள் அனுப்பிய அரிசி, அதைத்தான் பொங்கி அம்மாசிக்குப் படைத்தேன். பாப்பம்மா சோறு கேட்டாள். படையல் முடியட்டும் என்று கையைத் தட்டிவிட்டேன்.

கிராணி சிவப்புக் கோடு போட்டார். போட்டுவிட்டு அடுத்த பேரைப் படித்தார். பழனியாண்டி. என் புருஷன்.

ஒரு தலை குறைந்தால் அடுத்த தலை ஏறும் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு முன்பே தெரியுமாம். "உன் தம்பிதானே புள்ள, சின்னப் பையன். நான் ஒடம்பு இருக்கிறவன், போய்ட்டு வர்றேன்" என்றார். நேற்று லாரியில் ஏற்றினார்கள். சுங்கை பட்டாணி ஸ்டேஷன் கொட்டகையில் வைத்திருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை ரயில்.

இனிமேல் அரிசி அனுப்ப வேண்டாம். கடிதமும் வேண்டாம். எனக்குத் தம்பி இல்லை. இருந்த ஒருவனுக்கும் கருமாதி செய்தாயிற்று.

இப்படிக்கு,
பழனியாண்டி மனைவி ராக்காயி

—

சுங்கை பட்டாணி, ஸ்டேஷன் கொட்டகை
சுபானு வருஷம், ஆனி 3, வியாழக்கிழமை

என் அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன். முதலில் அவருக்குக் குடிக்க ஏதாவது கொடு, மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பிறகு படி.

ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. நான் ஆபீஸில் பட்டியல் எழுதுகிறவன். ஒரு பேரை அடித்தால் அடுத்த பேர் ஏறும் என்று எனக்குத் தெரியும் அக்கா. தெரிந்துதான் உன்னைப் பொய் சொல்லச் சொன்னேன். யாரோ ஒருவன் போவான், நமக்கென்ன என்று இருந்தேன். அந்த யாரோ ஒருவன் மாமாவாக இருப்பார் என்று மட்டும் நினைக்கவில்லை. யாராக இருந்தாலும் அவனுக்கும் ஒரு ராக்காயி இருந்திருப்பாள்.

இங்கே வந்து நான்தான் அம்மாசி என்றேன். பட்டியல் வைத்திருந்த உங்கள் கங்காணி என்னைப் பார்த்து இரண்டடி பின்னால் போனான். "நீ செத்துட்டியேடா, உன் கருமாதியில நான் சாப்ட்டேன்லா!" என்றான். "சாகல, தொட்டுப் பாரு" என்று கையை நீட்டினேன். ஜப்பான்காரனுக்குத் தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். மாமா பேரை அடித்து, அதன் மேலேயே என் பேரை எழுதினார்கள். மாமா ஒத்துக்கொள்ளவேயில்லை, என் சட்டையைப் பிடித்து அடிக்க வந்தார். பாப்பம்மா பேரைச் சொல்லித்தான் அவர் வாயை அடைத்தேன்.

மனோகரனின் கார்டை ஸ்டேஷன் அடுப்பில் போட்டுவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று ஆள் எண்ணும்போது அம்மாசி என்று கூப்பிட்டார்கள். "இருக்கேன்" என்றேன்.

நான் திரும்பாவிட்டால் இன்னொரு கருமாதி வேண்டாம். ஒன்று செய்தது போதும். இனிமேல் கிடைக்கும் அரிசியைப் பாப்பம்மாவுக்குப் போடு.

திரும்பி வந்தால், பாசாரில் நடுச் சடக்கில் நின்று கூப்பிடு அக்கா. அன்றைக்கு மாதிரியே சத்தமாகக் கூப்பிடு. திரும்பிப் பார்க்கிறேன்.

உன் தம்பி,
அம்மாசி