கதையோடு திரும்பி வந்த சிபாரிசு

தேன்கனிக்கோட்டை,
12-11-1956

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டு மாதத்துக்கு முன் நீங்கள் வேலைக்காக ஓசூருக்குப் பஸ் ஏறிய மறுநாள் என் கதை பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது. நீங்கள் வைத்தனுப்பிய சிபாரிசுக் குறிப்பும் அதோடு இருந்தது.

"உன்னைப் பத்தி நாலு வார்த்த நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்றீர்களே, படித்தேன். "குழந்தையில்லாதவள், பொழுதுபோக எழுதுகிறாள், இரக்கம் காட்டவும்."

கதையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீங்கள் அதைப் படிக்கவேயில்லை.

வேறொரு பத்திரிகைக்கு நானே குறிப்பெழுதி அனுப்பினேன். "யானைக்குப் பயந்து புருஷன் ஓடிய பிறகும் ராகிக் கொல்லையைக் காத்தவள், விடிந்ததும் அவனை விட்டுப் போகிறாள். மூன்று பக்கம் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்."

ஏற்றுக்கொண்டார்கள். தை மாதம் அச்சில் வரும். அவள் ஏன் போனாள் என்று அதில் எழுதியிருக்கிறேன், அப்போதாவது படியுங்கள்.

வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு மங்கம்மாவிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
இதுவரை உங்கள் மனைவி