கத்தரிக்கோல் வியாழன்

ஆய்ப்பன்,
வெள்ளி மாலை

அன்புள்ள ஸ்வென்யாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் வலி மட்டும் மழையோடு வந்து மழையோடு போகிறது. கியூபெக்கில் இடுப்பளவு பனி என்று எழுதியிருந்தாய், காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாயா? செப்டம்பரில் நம் ஊர்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு நீதான் ஆசிரியை என்று தலைமையாசிரியை சொன்ன சேதியை அப்பா நாலு தடவை படித்துவிட்டார். உன் கனடாப் பட்டத்தை அமைச்சகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்தக் கோப்பு அமைச்சகத்தில் என் பிரிவுக்கு வந்த அன்றே, பெற்றவள் நான், இது என்னிடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்றுதான் பாக்கி. ஜெர்மன் மொழியில் பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள் ஜெர்மன் தேர்வில் தேறினால்தான் இங்கே வகுப்பு எடுக்கலாம். உன்னைப் பன்னிரண்டு வயதில் பக்கத்து ஊர் வெர்வியேவில் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தவள் நான். பெல்ஜியத்தின் ஒரு மூலையில் ஜெர்மன் பேசும் எண்பதாயிரம் பேருக்கு ஒரு நாடாளுமன்றம், நாலு அமைச்சர்கள், இதையே உலகம் என்று நினைத்துவிடுவாயோ என்று பயந்தேன். உன் பேச்சு நம் தெருப் பேச்சுதான், ஆனால் ஜெர்மன் எழுத்து அந்த வயதோடு நின்றுவிட்டது. தேர்வு மே பதினேழு. அதில் தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

இனி நீ கோபப்படப்போகும் விஷயம். நேற்று திருவிழா வியாழன், அன்று ஒரு நாள் ஆட்சி தங்களுடையது என்று பெண்கள் வழக்கம்போல் ஆண்களின் டையை வெட்டக் கத்தரிக்கோலோடு அமைச்சகத்துக்குள் புகுந்தார்கள். கல்வி அமைச்சர் எவால்ட் வெட்டுக் கொடுப்பதற்கென்றே ஒரு பழைய டையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்து வீட்டு ரெனாட்டே தேனீ வேஷத்தில் அதைப் பிடித்து இழுத்து, “ஏய் எவால்டு, இன்னைக்கு நாட்டை ஆள்றது நாங்க. நம்ம ஸ்வென்யா ஜெர்மன் பரீட்சை எழுதணுமாமே! தொட்டில்லயே ஜெர்மன்ல அழுத பொண்ணுய்யா அது. ஒரு வருஷம் தள்ளிப் போட்டுக் கையெழுத்துப் போடு, இல்லேன்னா டையோட மூக்கும் போயிரும்” என்றாள். அவர், “டையை எடுத்துக்க, மூக்கு அடுத்த தேர்தலுக்கு வேணும்” என்றார். எல்லாரும் சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, விளையாட்டுக் குரல் இல்லாமல், “மார்லீஸ், தளர்வு கொடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. நீ கேக்கிறியா?” என்றார்.

போன வருடம் ருமேனியாவிலிருந்து வந்த தொய்னா இதே தளர்வைக் கேட்டாள், பதினோரு வருடம் பாடம் நடத்தியவள். கொடுக்க முகாந்திரம் இல்லை என்று குறிப்பு எழுதியது நான். என் மேஜைக்கு முன்னால் அழாமல் எழுந்து போனாள், அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரண்டு முறை எழுதித் தவறினாள். இப்போது பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் மேஜை துடைக்கிறாள். எவால்டிடம் நான், வேண்டாம், எழுதட்டும் என்றேன். ரெனாட்டே என்னை ஏற இறங்கப் பார்த்து, “நீ என்ன தாயா, ரப்பர் ஸ்டாம்பா?” என்று கேட்டுவிட்டு டையை வெட்டினாள். ராத்திரிச் சாப்பாட்டின் நடுவில் அப்பா, “அவ வரலேன்னா உன் நியாயத்தை எதிர்ல உக்கார வெச்சுச் சாப்பிடு” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் தொய்னாவுக்கு நியாயம் செய்தேனா, என் குறிப்பைக் காப்பாற்றிக்கொண்டேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. உன்னைக் கேட்காமல் உன் விஷயத்தில் பதில் சொன்னது மட்டும் தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்று காலை அரிசியும் பாலும் நிரப்பிச் சுட்ட ஃப்ளாடன் கேக் ஒன்று வாங்கிக்கொண்டு தொய்னா வீட்டுக்குப் போனேன். அவளும் மே மாதம் மூன்றாவது முறையாக எழுதுகிறாளாம். தேர்வு வைப்பது என் பிரிவு இல்லை, அதனால் செவ்வாய்தோறும் நம் சமையலறையில் கூட உட்கார்ந்து எழுதப் பழக்குகிறேன் என்றேன். அவள் ஃப்ளாடனை வெட்டி எனக்குப் பெரிய துண்டை வைத்தாள். பிறகு, “உங்க பொண்ணையும் போன்ல கூப்பிடுங்க, தனியாத் தோத்துத் தோத்து எனக்குப் போரடிச்சுப் போச்சு” என்றாள்.

செவ்வாய்தோறும் இங்கே மாலை ஏழுக்கு உட்காருவோம், உனக்கு அப்போது மதியம் ஒரு மணி. தேர்வுக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் மார்ச் பதினைந்து, மறந்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், பக்கத்தில் இருந்தால் நாங்களும் நன்றாக இருப்போம். செவ்வாய்க்கிழமை போனில் வா. கோபமாக இருந்தால் கோபத்தோடேயே வா, நாற்காலி போட்டு வைக்கிறேன்.

உன் அம்மா,
மார்லீஸ்