கறுப்பு வேண்டாம் என்றார்கள்

லீட்ஸ்
வியாழக்கிழமை, மழை

அன்பு மகள் டாம்சினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், பூனை இன்னும் கொஞ்சம் பெருத்துவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தப் பெர்த் வெயிலில் வதங்காமல் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. குழந்தைக்குத் தொப்பி போடாமல் வெளியே தூக்கிப் போகாதே. ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் ஆரம்பித்தால் நான் அழுதுவிடுவேன், நான் அழுதால் நீயும் அழுவாய், பிறகு சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுவோம், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

க்ளைவ் மாமா போன செய்தியை அப்பா உனக்கு அன்றைக்கே சொல்லிவிட்டார். மாரடைப்பு, காலையில் டீ போட எழுந்தவர் அடுப்படியிலேயே சரிந்துவிட்டார். நீ இவ்வளவு தூரத்திலிருந்து கிளம்பி வர முடியாதது எனக்குத் தெரியும், அதில் எனக்கு வருத்தமே இல்லை, அதை மனதில் போட்டுக்கொண்டு உழலாதே. என் வருத்தம் இறுதிச் சடங்கன்று நடந்த வேறொன்றைப் பற்றியது. இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை, நீயாவது கேட்டுக்கொள்.

க்ளைவை உனக்கு அவன் வயதான பிறகுதான் தெரியும், தலை நரைக்க நரைக்கச் சாயம் பூசிக்கொண்டு கொலுசு மாதிரி வெள்ளி வளையம் எல்லாம் போட்டு உன் பிறந்தநாளுக்கு வௌவால் பொம்மை வாங்கி வந்த மாமா. எனக்கு அவன் பதினெட்டு வயதிலிருந்தே கூட்டாளி. அப்போது இந்த ஊரில் வேலையும் கிடையாது, பாதி கட்டடம் இடிந்து கிடக்கும், சாயங்காலம் ஆனால் தெருவே புகை படிந்த மாதிரி இருக்கும். பங்க் பாட்டுக்காரப் பையன்கள் நாலைந்து வருஷம் கத்தித் தீர்த்துவிட்டார்கள், கோபம் எல்லாம் கத்தியாயிற்று, வேலை மட்டும் வரவில்லை. மிச்சம் இருந்தது சோகம்தான். அந்தச் சோகத்துக்குத்தான் எங்கள் ஆட்கள் பாட்டுக் கட்டினார்கள், கிடாரை எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வாசிப்பார்கள், மேலே ஒருவன் பிரசங்கம் செய்கிற குரலில் பாடுவான். க்ளைவின் பாட்டுக் குழுவில் டிரம்ஸ் அடிக்க ஆள் இல்லை, தானாகத் தாளம் அடிக்கிற ஒரு மின்சாரப் பெட்டிதான். ஆள் வைத்தால் குடிப்பான், சண்டை போடுவான், பெட்டி என்றால் வாயே திறக்காது என்பான் க்ளைவ். டக் டக் டக் என்று அதன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும், நாங்கள் மேடையிலிருந்து விடுகிற செயற்கைப் பனிமூட்டத்துக்குள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் ஆடுவோம். உடுப்பெல்லாம் பழைய துணி விற்கிற தர்மக் கடையில் வாங்கியது, யாரோ செத்துப்போன கிழவி துக்கத்துக்குப் போட்ட லேஸ் உடுப்பு, யாரோ ஒருவரின் நீளக் கோட்டு. முகத்துக்குக் குழந்தைப் பவுடர். தலைமுடி நிற்பதற்குச் சர்க்கரைத் தண்ணீர், வெயில் காலத்தில் குளவி துரத்தும். பழைய பேய்க்கதைகளின் பெயரை எடுத்து எங்களுக்குக் காதிக் என்று வைத்தது பத்திரிகைக்காரர்கள். எங்களில் ஒருவர்கூட ஒப்புக்கொண்டதில்லை. க்ளைவிடம் கேட்டால், எங்கள் கூட்டத்து மால்கமைக் காட்டி, "நானா? காதிக்கா? மால்கம்தான் காதிக், அவனப் பாருங்க" என்பான். மால்கம் க்ளைவைக் காட்டுவான். நாற்பது வருஷமாக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டே இருந்தார்கள்.

க்ளைவின் அம்மா டோரீனைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது. அந்தம்மாவுக்கு இப்போது எண்பத்தெட்டு வயது, காது கொஞ்சம் மந்தம், நாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தக் காலத்தில் சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் எல்லாரும் அவர்கள் வீட்டு மாடியில்தான் அலங்காரம் செய்துகொள்வோம். படியிறங்கி வரும்போது டோரீன் அடுப்படி வாசலில் நின்று, "யார் வீட்டுச் சாவுக்குடா கெளம்பிட்டீங்க?" என்று கேட்பார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே கேள்வி. "பாக்கறதுக்கு ஒரு லட்சணமா இருக்குதா? ஒரு மஞ்ச, ஒரு பச்ச போட்டா உசுரா போயிடும்?" என்பார். திட்டிக்கொண்டே எங்களுக்குச் சாயம் தோய்த்துக் கொடுத்ததும் அவர்தான். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, கறுப்புச் சாயப் பொட்டலத்தைக் கொட்டி, கை நிறைய உப்புப் போட்டுக் கரண்டியால் கிளறுவார், என் கல்யாண உடுப்பைக்கூட அவர்தான் தோய்த்தார். அடுத்து அந்தப் பாத்திரத்தில் போட்ட வெள்ளைத் துணியெல்லாம் சாம்பல் நிறமாகிவிடும், க்ளைவின் அப்பா சாகும்வரை சாம்பல் பனியன்தான் போட்டார். ஒரு முறை பஸ் நிறுத்தத்தில் பையன்கள் சிலர் க்ளைவை அடித்து உதட்டைக் கிழித்துவிட்டார்கள், அதற்குப் பிறகு பல சனிக்கிழமை டோரீன் குடையைத் தூக்கிக்கொண்டு எங்களைப் பஸ் ஏற்றிவிட வந்தார். முன்னால் அந்தம்மா, பின்னால் வரிசையாக நாங்கள், ஊரே பார்த்தது.

அப்புறம் காலம் மாறியது. எங்கள் வயதுக்காரர்கள் பாதிப்பேர் சுண்ணாம்பு அடித்த மாதிரி சாதாரணமாகிவிட்டார்கள். புதுப் பிள்ளைகள் வந்தார்கள், தலையில் முடிக்குப் பதில் பச்சை பிளாஸ்டிக் குழாயும் கண்ணில் வெல்டிங் கண்ணாடியுமாக, பாட்டு முழுக்க இயந்திரச் சத்தம். க்ளைவ் முதலில், "இது பாட்டா, பட்டறையா?" என்று முனகினான், பிறகு பார்த்தால் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் அவன்தான் ஆடிக்கொண்டிருந்தான். எங்கிருந்தோ வந்தவர்களைக்கூட, "வா, வா, கறுப்புன்னா நம்ம சாதிசனம்தான்" என்று சேர்த்துக்கொள்வான். கடற்கரையில் அந்த விட்பி ஊரில் வருஷா வருஷம் கூடுகிறோமே, ஆரம்பத்தில் அங்கே அறை வாடகைக்கு விடுகிற அம்மாமார்கள் எங்களைக் கண்டு கதவைச் சாத்துவார்கள், இப்போது எங்களுக்கென்று கறுப்புத் துண்டே வாங்கி வைத்திருக்கிறார்கள், தலைச்சாயம் ஒட்டினாலும் தெரியாதாம். போன வசந்தத்தில் மெக்சிகோவிலிருந்து ஒரு பெண் வந்து க்ளைவின் பழைய பாட்டை வரி பிசகாமல் அவனிடமே பாடிக் காட்டினாள். அவன் கண்மை கரைய அழுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவன் தங்கை லொரெய்ன் எல்லாருக்கும் செய்தி அனுப்பினாள். க்ளைவின் வாழ்க்கையைக் கொண்டாடுவோம், யாரும் கறுப்பு உடுத்தி வர வேண்டாம், பளிச்சென்ற நிறத்தில் வாருங்கள் என்று. இப்போது இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மால்கம் ஃபோன் போட்டுக் கொதித்தான். "நாப்பது வருஷம் கறுப்பத் தவிர வேற தொடாதவனுக்கு நான் கிளி மாதிரி போய் நிக்கணுமா பெவ்? என்னால ஆவாது" என்றான். அவன் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஆனால் எங்கள் ஆட்களின் குணம் உனக்குத் தெரியுமே, பார்க்கத்தான் பேய்க்கூட்டம், யாராவது எங்கள் காலை மிதித்தால் நாங்கள்தான் மன்னிப்புக் கேட்போம். பெற்றவள் இருக்கிறாள், அந்தம்மா ஆயுசு முழுக்கக் கறுப்பைக் கரித்துக் கொட்டினார், கடைசியாக ஒரு நாள் அவர் ஆசைப்படி மஞ்சளும் பச்சையுமாகப் போய் நிற்போம் என்று எல்லாருமாகப் பேசி முடிவு செய்தோம். டோரீனிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும் என்று நினைத்துக்கொண்டோம் பார், அதுதான் தப்பு.

என்னிடம் இருந்த ஒரே நிறத் துணி உன் கல்யாணத்துக்குப் போட்ட அந்தப் பீச் நிறக் கோட்டுதான். "ஒரே ஒரு நாளும்மா, எனக்காகக் கலர்ல வா" என்று நீ கேட்டாய், நான் சந்தோஷமாகத்தான் போட்டேன், இப்போதும் அதில் மனக்குறை இல்லை. ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் மணப்பெண்ணின் அம்மா எங்கே என்று தேடத் தோன்றும். அதையே போட்டுக்கொண்டேன். அப்பா தோட்ட வேலைக்குப் போடும் சிவப்புச் சட்டை. மால்கம் மகனிடம் கடன் வாங்கிய ஏதோ கால்பந்துச் சட்டை, அதுவும் பளீர் மஞ்சள், தலைமுடியை வேறு படிய வாரிவிட்டான், மழையில் நனைந்த கோழி மாதிரி இருந்தான். தகனக்கூடத்து வாசலில் நாங்களே ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தோம்.

முதல் வரிசையில் டோரீன் உட்கார்ந்திருந்தார். முழுக் கறுப்பு. அந்தம்மாவின் அந்தப் பழுப்புக் கோட்டு உனக்கு நினைவிருக்கும், மாதாகோவிலுக்குப் போடுவாரே, அதைத் தானே கறுப்புச் சாயத்தில் தோய்த்திருக்கிறார். அதே பாத்திரம், அதே உப்பு. எண்பத்தெட்டு வயதில் அந்தக் கனத்தை எப்படித் தூக்கிப் பிழிந்தாரோ, முதுகில் திட்டுத் திட்டாகச் சாயம் பிடிக்காமல் இருந்தது, நகக்கண்ணெல்லாம் கறுப்பு. ஏதோ வானொலிப் பாட்டுப் போட்டார்கள், க்ளைவ் உயிரோடு இருந்திருந்தால் எழுந்து வெளியே போயிருப்பான். பாட்டு முடிந்ததும் டோரீன் தலையைத் திருப்பிப் பின் வரிசைகளையெல்லாம் மெல்லப் பார்த்தார். எங்களைத் தாண்டித்தான் பார்த்தார். பிறகு லொரெய்னிடம், காது மந்தம் இல்லையா, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "ஏண்டி, அவன் கூட்டாளிங்க ஒருத்தர்கூடவா வரல?" என்று கேட்டார்.

எனக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. லொரெய்ன், "வந்திருக்காங்கம்மா, இவங்கதான்" என்று எங்களைக் காட்டினாள். டோரீன் என்னைப் பார்த்தார், என் பீச் நிறக் கோட்டைப் பார்த்தார், திரும்பிக்கொண்டார். சவப்பெட்டி உள்ளே போனது, திரை மூடியது. மால்கம் தேம்பித் தேம்பி அழுதான், அந்த மஞ்சள் சட்டையில்.

மனசு கேட்காமல் அடுத்த சனிக்கிழமை எல்லாருமாக டோரீன் வீட்டுக்குப் போனோம். பவுடர், கண்மை, லேஸ், ஒன்று விடவில்லை, மால்கம் இருக்கிற நாலு முடியையும் தூக்கி நிறுத்தியிருந்தான். சாயங்கால வேளை, அதே கதவு. டோரீன் திறந்து ஒவ்வொருவராகப் பார்த்தார். என் லேஸ் உடுப்பைத் தொட்டு, "இது நான் தோச்சதுதானே" என்றார். ஆமாம்மா என்றேன். உள்ளே வாங்க என்று சொல்வார் என்று நின்றோம். அந்தம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, "வாரா வாரம் சாவு வீட்டுக்குப் போற மாதிரி வந்து நின்னீங்களேடி, நெசமாவே சாவு விழுந்த அன்னிக்கு எங்கடி போனீங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்கிற மாதிரி. பிறகு உள்ளே விட்டு டீ கொடுத்தார், கேக் கொடுத்தார், க்ளைவின் அறையைத் திறந்து காட்டினார். அந்த டிரம்ஸ் பெட்டி இன்னும் அங்கே இருக்கிறது, தூசு துடைத்து வைத்திருக்கிறார். அப்பா மின்சாரத்தில் செருகிப் பார்த்தார், அது பாட்டுக்கு அடித்தது. டோரீன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலால் தாளம் போட்டார். நல்லதாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் போய்விட்டானே, கண்ணு. அவன் போன அன்றைக்கு அல்லவா நாங்கள் அப்படி வந்திருக்க வேண்டும், அதை எந்தச் சனிக்கிழமை போய்ச் சரிசெய்வது?

டோரீனுக்கு ஒரு ஃபோன் போடு, உரக்கப் பேசு, குழந்தை போட்டோ அனுப்பு, உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வேலைக்குச் சாப்பிடாமல் ஓடாதே. மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் முத்தம், உங்கள் மூவருக்கும் கடவுள் ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு.

ஒன்று மட்டும் மறக்காதே. என் நாள் வரும்போது யாராவது உன்னிடம் வந்து பளிச்சென்று வாருங்கள் என்று சொன்னால், வேண்டாம் என்று சொல். என் வெல்வெட் கோட்டு மாடி அலமாரியில் இடது பக்கம் தொங்குகிறது, பூச்சி அரிக்காமல் வைத்திருக்கிறேன். நீதான் அதைப் போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார வேண்டும். தோள் உனக்குச் சரியாக இருக்கும், கையை மட்டும் ஒரு மடிப்பு மடித்துக்கொள்.

என்றும் உன் அம்மா,
பெவர்லி