கப்பல் போட்ட காசு

ஜனவரி 11

கடல் கடந்த கனவானாகிய என் அண்ணனுக்கு,

வாலு எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். கப்பலில் யாராவது திட்டினால் கோபித்துக்கொண்டு தெருமுனைக்கு நடக்க முடியாது என்பதால் ஒழுங்காகவும் இருப்பாய் என்று அம்மா நம்புகிறாள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

நீ அனுப்பிய காசுகள் வந்தன. நடுவில் ஓட்டை போட்டது ஒன்று, மூலை மூலையாக வெட்டியது ஒன்று, மூக்கு நீண்ட ராஜா ஒருவர், ஓர் ஆமை. அப்பாவின் பழைய பொத்தான் டப்பாவில் போட்டு, சேகரிப்பு என்று மேலே எழுதி ஒட்டினேன். அம்மா எட்டிப் பார்த்தாள். “இதென்னடி, உண்டியல உடைச்சுக் கொட்டின மாதிரி இருக்கு?” கோபம் வந்தது. டப்பாவை மறுபடி பார்த்தேன். உண்டியலேதான்.

ஆகவே தலைவரே, இனிக் கண்டதை வாங்க வேண்டாம். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வோம். ஒரே நாடா, ஒரே உலோகமா, மிருகங்களா, ராஜாக்களா? யோசித்து எழுது.

அப்பா செய்தி: சட்டைக்கு அளவெடுக்க வருகிறவர்களைக் கையைத் தூக்கச் சொல்கிறார். அவர்கள் ஓட முடியாத அந்த நேரம் பார்த்து, “மூத்தவன் கப்பல்ல இருக்கான்” என்று ஆரம்பிக்கிறார். “நூல்கண்டு பாத்து எடுக்கத் தெரியாதவன் கப்பல் ஓட்டப் போறானாம்” என்று நீ கிளம்பிய அன்று கத்தியவரும் இவரேதான்.

பள்ளிச் செய்தி: படிக்கட்டில் ஒரு காசைப் பசை போட்டு ஒட்டினேன். விளையாட்டு வாத்தியார் நகத்தால் சுரண்டினார், பேனாவால் நெம்பினார், கடைசியில் ஷூவால் உதைத்தார். நான் சிரிக்கவில்லை. சிரித்தவள் மாட்டிக்கொண்டாள். பாவம், நல்ல தோழி.

இப்படிக்கு
உன் வாலு


ஜனவரி 29

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அந்தத் தோழியிடம் மன்னிப்புக் கேள்.

நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறாய். ஒரே நாடு என்றால் சீக்கிரம் முடிந்துவிடும், பிறகு டப்பாவைத் திறக்கவே தோன்றாது. ஒரே உலோகம் என்றால் நீ வெள்ளியைக் கேட்பாய், என் சம்பளம் அழும். ராஜாக்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே முகம். உனக்குப் பிடித்த ஒரு படத்தைத் தேர்ந்தெடு. அந்தப் படம் இல்லாத காசு எவ்வளவு அழகாக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நகர்ந்து போகப் பழகு. தேய்ந்தது பத்து வாங்குவதைவிடத் தெளிவானது ஒன்று போதும். விளிம்பைப் பிடித்தே எடு. துடைக்காதே, துடைத்த காசுக்குப் பாதி விலைதான்.

துறைமுகத்தில் ஒரு கடைக்காரர் கொடுத்த விலைப்பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். வேண்டியதைக் குறித்து அனுப்பு. தபால் பெட்டி எண் பழையதுதான். கப்பல் எங்கே நின்றாலும் கம்பெனி ஆபீஸ் மூலம் என்னிடம் வந்துவிடும்.

அப்பாவை விசாரித்ததாகச் சொல். நூல்கண்டுப் பேச்சை இனி எழுதாதே.

உன் கடலோடி அண்ணன்


பிப்ரவரி 12

நாணயத்துறைப் பேராசிரியர் அண்ணனுக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். விளிம்பு! தேய்மானம்! பாதி விலை! போன வருடம் வரை பஸ்ஸில் மீதிச் சில்லறையை எண்ணாமல் பையில் போடுகிற ஆள் நீ. கப்பல் தளத்தில் கயிறு இழுக்கிறவன் எழுதிய மாதிரியே இல்லையே, கல்லாவில் உட்கார்ந்தவன் எழுதிய மாதிரி அல்லவா இருக்கிறது? யாரைப் பார்த்துக் காப்பியடிக்கிறாய்? பெயரைச் சொன்னால் நேராக அவருக்கே எழுதிவிடுவேன், உனக்கும் தபால்தலை மிச்சம்.

முடிவு செய்துவிட்டேன். கப்பல்! இனி நம் டப்பாவில் கப்பல் போட்ட காசுக்கு மட்டும்தான் இடம். நீயும் கப்பலில், காசும் கப்பலில், காசுக்குள்ளும் கப்பல். ஆமையும் மூக்கு ராஜாவும் அம்மாவின் உண்டியலுக்குப் போய்விட்டார்கள்.

பட்டியலில் கப்பல் பக்கங்களை மட்டும் கிழித்துக் குறி போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பச்சைப் புள்ளி இருந்தால் வாங்கு. சிவப்புப் புள்ளி இருந்தால் தொடாதே. ஒவ்வொரு சிவப்புக்கும் காரணம் உண்டு. ஒன்றில் வெறும் நங்கூரம், இன்னொன்றில் இருப்பது கப்பல் அல்ல, ஓடம். மற்றொன்றில் கப்பலைவிட ராணியின் கொண்டை பெரியது. படங்கள் பொடிப் பொடியாக இருப்பதால் படத்தை நம்பாமல் புள்ளியை நம்பு.

இப்படிக்கு
கப்பல் காசுக் கழகத் தலைவி (உறுப்பினர்: நீ ஒருவன்)


மார்ச் 3

அன்புள்ள தலைவிக்கு,

நீ குறித்தபடியே ஐந்து காசுகள் வாங்கிவிட்டேன். உரசிக்கொள்ளாமல் இருக்க நீ அனுப்பிய பக்கங்களிலேயே தனித்தனியாகச் சுற்றியிருக்கிறேன்.

ஆறாவது என் பரிசு. துறைமுகத்தில் டீ குடித்துவிட்டு நோட்டை நீட்டினேன், மீதிச் சில்லறையில் இது வந்தது. மூன்று பாய்மரம், கயிறுகூடத் தெரிகிறது பார். அருமையான கரும்பழுப்பு, எங்கும் ஒரு கறை கிடையாது. எனக்கே கொடுக்க மனசில்லை.

நேற்றுக் கடலில் அலை அதிகம். மற்றபடி வேலை நன்றாகப் போகிறது.

உன் கடலோடி அண்ணன்


மார்ச் 16

சந்தேகத்துக்குரிய அண்ணனுக்கு,

கழகத்தின் விசாரணைக் கமிஷன் கூடியது. தலைவி நான், சாட்சி பொத்தான் டப்பா. குற்றங்கள் வருமாறு.

ஐந்து காசு அனுப்பியிருக்கிறாய். அதில் மூன்று சிவப்புப் புள்ளி போட்டவை! நங்கூரம் வந்திருக்கிறது, ஓடம் வந்திருக்கிறது, கொண்டை ராணியும் வந்துவிட்டாள். போன வருடம் உன் பற்பசையில் நான் சோப்பைக் கலந்ததற்குப் பழி வாங்குகிறாயா? அப்படியென்றால் ஒப்புக்கொள், பாராட்டுவேன்.

அடுத்தது உன் டீக்கடைக் கதை. நூலகத்தில் தடியாக ஒரு நாணயப் புத்தகம் இருக்கிறது. அந்த மூன்று பாய்மரக் காசை அந்த நாடு திரும்பப் பெற்று, உருக்கி, ஒழித்தே விட்டதாம். அதுவும் நான் பிறப்பதற்கு முன்பே. செல்லாக்காசை எந்த டீக்கடைக்காரர் மீதியாகத் தந்தார்? தந்தாலும் நீ வாங்கிக்கொண்டாயா? இந்தக் காசு டீக்கடையில் கிடைத்ததல்ல, காசுக்கடையில் கிடைத்தது. அதை ஏன் மறைக்கிறாய்? நாணயத்தைப் பற்றியாவது நாணயமாக எழுதக் கூடாதா?

அதோடு, கரும்பழுப்பாம், கறையே இல்லையாம். பாயெல்லாம் பச்சைப் பசேல் என்று களிம்பு பூத்துக் கிடக்கிறது, பாசி பிடித்த தொட்டி மாதிரி. அது பக்கத்துக் காசுக்கும் பரவுமாம். தனியாக ஒரு தீப்பெட்டியில் அடைத்து வைத்திருக்கிறேன். யாரோ உன்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். அல்லது நீ என்னை.

உன் கப்பலின் பெயர் என்ன? இதுவரை நீ எழுதவே இல்லை. அலை அதிகம் என்பதை ரேடியோவும்தான் தினமும் சொல்கிறது. சீக்கிரம் பதில் போடு. ஏனென்றால் அடுத்த மாதக் கடைசியில் அப்பா துறைமுகத்துக்கு வருகிறார். உன் கப்பலைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். உனக்காக வெள்ளைச் சட்டை ஒன்று தைத்துவிட்டார். “அளவு வேணாமாப்பா?” என்று கேட்டேன். “அவன் தோள் எனக்குத் தெரியாதா?” என்றார்.

இப்படிக்கு
விசாரணைக் கமிஷன்


மார்ச் 27

வாலு,

எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிக்கிறாய். நீ போட்ட புள்ளிகள் எல்லாம் ஒரே மாதிரி மங்கிக் கிடந்தன, தபாலில் நனைந்திருக்கும். இதுவும் உன் குறும்பில் ஒன்று என்று நினைத்து நானாகவே பார்த்து வாங்கினேன். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பு.

அப்பாவை வர வேண்டாம் என்று சொல். கப்பல் அந்தச் சமயத்தில் வேறு துறைமுகத்தில் நிற்கும். வந்தாலும் உள்ளே விட மாட்டார்கள். எப்படியாவது தடுத்துவிடு. உன்னால் முடியும்.

அண்ணன்


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணா,

இந்தத் தடவை பட்டப்பெயர் எதுவும் தோன்றவில்லை.

புள்ளிகள் மங்கிவிட்டன என்று எழுதியிருந்தாய். நீ காசு சுற்றி அனுப்பிய அதே பக்கங்கள் இதோ என் மேஜையில் இருக்கின்றன. சிவப்பு சிவப்பாகவும் பச்சை பச்சையாகவும் பளிச்சென்று இருக்கின்றன. முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. டீக்கடை பொய், புள்ளி பொய், கப்பலுக்குப் பெயரே இல்லை. நன்றாகத் திட்டி ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன்.

ஆனால் அந்தக் களிம்பு உறுத்திக்கொண்டே இருந்தது. மற்ற பொய்யெல்லாம் எதையோ மறைப்பதற்காகச் சொன்னது. பச்சையைப் பழுப்பு என்று சொல்லி உனக்கு என்ன ஆகப்போகிறது? ‘எனக்கே கொடுக்க மனசில்லை’ என்று வேறு எழுதியிருந்தாய். அது நடிப்பு இல்லை. நடிப்பில் நான் உனக்குக் குரு, எனக்குத் தெரியும்.

அப்போதுதான் நூல்கண்டு ஞாபகம் வந்தது. எழுதாதே என்றாய், எழுதுகிறேன். அப்பா சிவப்பு கேட்டால் பச்சையை எடுத்துக் கொடுப்பாய். டாக்டரம்மா மகளின் சிவப்புக் கவுனுக்குப் பச்சை நூலில் ஓரம் அடித்துவிட்டுப் பேந்தப் பேந்த முழித்தாய். நான் உருண்டு புரண்டு சிரித்தேன். உலகத்திலேயே உயர்ந்த குறும்பு என்று நினைத்தேன். அப்பா அழாத குறை.

மறுபடி நூலகம் போனேன். இரவில் எதிரே வரும் கப்பலின் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவரைத் தள வேலைக்கு எடுக்கவே மாட்டார்களாம். கண் பரிசோதனையிலேயே வாசலைக் காட்டிவிடுவார்களாம்.

நீ கப்பலில் கால் வைக்கவே இல்லை, சரியா? இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

அப்பாவிடம் கப்பலைப் பற்றி மூச்சு விடவில்லை. கண்ணைப் பற்றி மட்டும் சொன்னேன்.

“அப்பா, சில பேருக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியுமாம்.”

“யாருக்கு?”

“அண்ணனுக்கு.”

மெஷின் நின்றது. “இது என்ன புது விளையாட்டு?”

“சத்தியமா விளையாட்டு இல்லப்பா.”

“நீ சத்தியம் பண்ணாத்தான்டி எனக்குப் பயமா இருக்கு.”

பக்கங்களையும் உன் கடிதத்தில் அந்தக் கரும்பழுப்பு வரியையும் காட்டினேன். பாய்மரக் காசை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இவ்ளோ பச்சையா இருக்கே” என்றார். காசைத் தீப்பெட்டியில் வைத்து மூடினார். பிறகு, “வேணும்னே பண்றான்னு நெனச்சேன். தொழில் புடிக்காம என்னக் கேலி பண்றான்னு” என்றார். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை.

மறுநாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால் அலமாரியில் இருக்கும் நூல்கண்டு ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கிறது. சிவப்பு, பச்சை, அரக்கு, கிளிப்பச்சை என்று பென்சிலால் அப்பாவின் எழுத்து. எனக்கு நிறம் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். யாருக்காக என்று நீயே கண்டுபிடி.

துறைமுகத்துக்கு வரும் பேச்சை அவராகவே விட்டுவிட்டார். நான் தடுக்கவில்லை. ராத்திரி தட்டைக் கழுவிக்கொண்டே, “அவன் எப்பக் கரைக்கு வர்றான்?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “வரச் சொல்லு. கப்பல்னு ஒண்ணு இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி.” ஆக, சந்தேகப்படுகிற குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது.

கடைசியாகக் கழக விஷயம். கப்பலைக் கைவிட்டாயிற்று. இனி நாம் சேர்க்கப்போவது ஒரே வகைதான். நீ நிஜமாகவே இருக்கும் தெருவில், நிஜமாகவே டீ குடிக்கும் கடையில், நிஜமாகவே மீதியாக வந்த காசு. பழசாக வேண்டாம், அபூர்வமாகவும் வேண்டாம். எந்தப் பட்டியலிலும் இருக்காது என்பதால் புள்ளியும் கிடையாது.

உன் வாலு


ஏப்ரல் 17

அன்புள்ள வாலுவுக்கு,

காசு உள்ளே இருக்கிறது. என் அறைக்கு நேர் கீழே டீக்கடை. இன்று காலை கடைக்காரர் மீதியாகக் கொடுத்தார்.

நான் பழைய காசுக் கடையில் எடை போடுகிறேன். எடைக்கு நிறம் கிடையாது, அதனால் முதலாளிக்கு இன்னும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பஸ்ஸில்தான். அப்பாவிடம் மிச்சத்தை நானே சொல்கிறேன். அதுவரை உன் வாலைச் சுருட்டி வைத்திரு.

அந்தப் பாய்மரக் காசைத் தீப்பெட்டியிலேயே வை, மற்றதோடு சேர்க்காதே. களிம்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தக் காசு செல்லும். சந்தேகம் வராமல் இருக்க, டீக்கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துப் பார்த்தேன். வாங்கிக் கல்லாவில் போட்டு மூடிவிட்டார். கெஞ்சிக் கூத்தாடித்தான் திரும்ப வாங்கினேன்.

அண்ணன்